நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

ஜூன் 4, வியாழன்

வீட்டை விட்டுப் போனவளுக்கு,

பொருள்: கம்ப்யூட்டர் பழுது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. அடக்கிக்கொள்கிறேன். பத்து நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. மகளிடம்தான் விலாசம் கேட்டேன். விடுதியிலிருந்து ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்கப்பா. இதான் விலாசம். அவ்ளோதான்." இருபது வயதில் என்ன பேச்சுப் பேசுகிறாள் பார். யாரிடம் படித்தாளோ.

விஷயத்துக்கு வருகிறேன். முன்னறைக் கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தட்டினால் ஜன்னல் ஒழுங்காகத்தான் திறக்கிறது. குட்டிக் குட்டியாகப் படங்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. இரண்டு வரிசை, மூன்று வரிசை. அப்புறம் ஜன்னல் வெளுத்துப்போகிறது. வட்டம் ஒன்று சுற்றுகிறது. பிறகு எல்லாம் தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் மறுபடி அதே கதை. ஐம்பது தடவையாவது திறந்திருப்பேன். நேற்று மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். புது மவுஸ் வாங்கினேன். அதிலும் மூடிக்கொள்கிறது.

நீ இருந்தவரை நன்றாக இருந்தது. நீ போன பிறகு இல்லை. இடிந்த கூரையையும் வெந்த சுவரையும் பார்த்து எப்படிச் சேதம் ஆனது என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம். கோபத்தில் நீதான் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

24ஆம் தேதி பேக்கரித் தீ விபத்து விசாரணை. அடுப்பை அணைக்காமல் கடையைப் பூட்டிவிட்டுப் போனார் என்று பேக்கரிக்காரர் மேல் பழி போடுகிறார்கள். தீ அடுப்பில் பிடிக்கவில்லை, பின்சுவரில் மின்கம்பி இணைப்பில் பிடித்தது. அதைக் காட்ட என்னிடம் ஒரு படம் இருக்கிறது. கேமரா கார்டை வழக்கம்போல அன்றைக்கே அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஆக, அந்தப் படம் இந்த மூடிக்கொள்ளும் சனியனுக்குள்ளேதான் கிடக்கிறது.

என்ன செய்தாய் என்று எழுது. அதை எப்படிச் சரிசெய்வது என்றும் எழுது. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: இஸ்திரிப் பெட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?


ஜூன் 8, திங்கள்

மதிப்புக்குரிய சேதாரம் அவர்களுக்கு,

தெருவில் பிள்ளைகள் உங்களை இப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். இனிமேல் போகமாட்டேன். நானே கூப்பிடுகிறேன்.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, இப்ப என்னங்கிற" என்பீர்கள். கடிதத்தில் அப்படிக் குறுக்கே விழ முடியாது. நான் முடிக்கும்வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரை நான் எதுவும் செய்யவில்லை. நான் கிளம்பிய அன்றைக்குக்கூட உங்கள் கேமரா கார்டைத்தான் அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மனம் விட்டுப் பேசுவதென்றாலும் கை வேலையை விடாது, அப்படிப் பழகிவிட்டது. அடுத்த அறையிலிருந்து நீங்கள் "ஆச்சா?" என்று கத்துவதும், நான் "ஆச்சு, கழற்றலாம்" என்று சொல்வதும்தான் பதினைந்து வருஷமாக நம் வீட்டில் நடந்த பேச்சு. அன்றைக்கு நான் வேறு பேசினேன். அதற்கு நீங்கள் "சரி" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. காப்பீட்டுக் கம்பெனிக் கிளை மேலாளரிடம் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. அவர்கள் அலுவலகப் பதிவறையில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடிதத்தை உங்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன், ஞாபகம் இருக்காது. நேர்காணல் நன்றாகவே போனது. வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இங்க வந்தப்ப சொன்னார், நீங்க கோபத்துல அவரோட ஃபைலையெல்லாம் கெடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு. ஆயிரக்கணக்கான பேரோட ஃபைல் இருக்கிற இடம் இது. உங்களை நம்பி எப்படி உள்ள விடறது?" 25ஆம் தேதி முடிவு சொல்வாராம். அதுவரை என் விண்ணப்பத்தை ஓரமாக வைத்திருக்கிறார்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. நான் வேலை செய்தேன் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பதினைந்து வருஷம் நான் அடித்த அறிக்கைக்கெல்லாம் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. என்னிடம் ஒன்று வந்தால் அது தொலையாது, கெடாது என்பது மட்டும்தான் எனக்கென்று இருந்தது. அதிலும் போய் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். போகட்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இவள் எதையும் கெடுக்கவில்லை என்று உங்கள் கைப்பட எழுதி மேலாளரிடம் கொடுங்கள். 25ஆம் தேதிக்குள்.

பேக்கரிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்காக மட்டும் கேட்கிறேன்: எல்லா ஃபோல்டரும் மூடிக்கொள்கிறதா, ஒன்று மட்டுமா? ஏப்ரல் மாதத்துப் படங்களைத் திறந்து பார்த்தீர்களா? அதற்கு முந்தைய மாதம்? ஐம்பது தடவையும் ஒரே கதவைத்தான் முட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சு செய்தவள்

பி.கு.: இஸ்திரிப் பெட்டி இஸ்திரி மேசைக்குக் கீழே இருக்கிறது. என்றைக்கும் அங்கேதான் இருந்தது.


ஜூன் 11, வியாழன்

தட்டச்சு செய்தவளுக்கு,

பார்வை: உனது 8ஆம் தேதிக் கடிதம்.

முதலில், நான் எங்கே 'சரி' என்றேன்? நான் எதற்கும் சரி சொல்லவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதே எனக்கு மதியம்தான் தெரியும். இல்லாததையும் பொல்லாததையும் எழுதாதே.

இரண்டாவது, மேலாளரிடம் நான் அப்படியெல்லாம் புகார் கொடுக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்ன சார் அறிக்கை லேட் என்றார். வீட்டில் ஆள் இல்லை, போகும்போது ஃபைலையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்றேன். பேச்சுவாக்கில் சொன்னது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்வது? எழுதிக் கொடு என்கிறாய். நீ கெடுக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் இல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்றாவது, நீ கேட்டது. மற்ற மாதங்கள் எல்லாம் திறக்கின்றன. மே மாத ஃபோல்டர் மட்டும்தான் மூடிக்கொள்கிறது. இதை நான் முதலிலேயே பார்த்திருக்கலாம்தான். பார்க்கவில்லை. அதற்காக நீ ஒன்றும் குதிக்க வேண்டாம்.

கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம் சார், ஜம்முன்னு ஓடும்" என்றார். எல்லாத்தையும் என்றால் படத்தையும் சேர்த்தா என்று கேட்டேன். "படம் போகும் சார், ஆனா மெஷின் ஜம்முன்னு ஓடும்" என்றார். வெளியே போகச் சொன்னேன். சொன்ன விதத்தில் அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பேக்கரிக்காரர் தினமும் வந்து வாசலில் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் எழுது.

கணவன்


ஜூன் 15, திங்கள்

சேதாரம் அவர்களுக்கு,

பேச்சுவாக்கில் சொன்னாராம். நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதில் என் பிழைப்பு போகிறது. நான் பத்து நிமிஷம் வாய்விட்டுச் சொன்னது உங்கள் காதிலேயே ஏறவில்லை. 'சரி' என்று சொல்லவில்லை என்று வேறு சாதிக்கிறீர்கள். ஒரு காலில் ஷூவோடு வந்து என் முன்னால் நின்று சொன்னீர்கள்.

இந்த அறை சலவைக்கடைக்கு மேலே இருக்கிறது. காலையில் கீழே கொதிகலன் ஓடத் தொடங்கியதும் தரை சுடும். தரையும் நானும் ஒரே சூட்டில் இருப்பதால் ஒத்துப்போகிறது.

கோபம் இருக்கட்டும். வேலையைப் பார்ப்போம். ஒரு ஃபோல்டர் மட்டும் மூடிக்கொள்கிறது என்றால் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. அந்த ஃபோல்டரில் ஏதோ ஒரு படம் கெட்டிருக்கிறது. ஃபோல்டரைத் திறந்ததும் அந்த ஜன்னல் ஒவ்வொரு படத்தையும் குட்டியாக வரைந்து காட்டப் பார்க்கும். நல்ல படங்களை வரைந்துகொண்டே வரும். கெட்டதை வரைய முயலும்போது விக்கித்துப்போய் மொத்தத்தையும் மூடிவிடும். ஒரு படம்தான் கெட்டது, பழி மொத்தத்துக்கும். உங்கள் தொழிலில் இதை நிறையப் பார்த்திருப்பீர்கள்.

முதலில், குட்டிப் படமே வரையாதே என்று அதற்குச் சொல்ல வேண்டும். வேறு மாத ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஆப்ஷன்ஸ்'. ஒரு பட்டியல் வரும். முதல் வரியிலேயே ஐகான் மட்டும் காட்டு, குட்டிப் படம் வேண்டாம் என்ற அர்த்தத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள். இப்போது மே மாதத்தைத் திறந்தால் வெறும் பெயர்கள்தான் தெரியும், மூடாது.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். அதில் ஒன்றைத் தேட நானூற்றுப் பன்னிரண்டையும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பாதியை எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். டிக்கை எடுத்துவிட்டு அதைத் திறங்கள். மூடிக்கொண்டால் குற்றவாளி அந்தப் பாதியில். மூடாவிட்டால் மறு பாதியில். டிக்கைப் போட்டு, கெட்ட பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஒன்பது தடவையில் ஒற்றைப் படம் வந்து நிற்கும். பொறுமை வேண்டும். உங்களிடம் இருக்கிறதா என்று தெரியாது, இல்லையென்றால் கடன் வாங்குங்கள்.

கிடைத்ததும் அதை அழிக்காதீர்கள். அதன் பெயரையும், எந்த நாள், எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டரில் ஏறியது என்பதையும் குறித்து எனக்கு எழுதுங்கள். ஆதாரம் கேட்டீர்களே, அதுதான் ஆதாரம்.

ஒன்று சொல்லட்டுமா? இத்தனை வருஷமாகக் கேமராவும் கையுமாக அலைந்தீர்கள். இடிந்தது, எரிந்தது, ஒழுகியது, ஒடிந்தது என்று ஒன்று விடாமல் படம் எடுத்தீர்கள். நான் உடையாமல் நின்றதால்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
தட்டச்சு செய்தவள்


ஜூன் 18, வியாழன்

தட்டச்சு செய்தவளுக்கு,

பொருள்: குற்றவாளி அகப்பட்டது.

ஒன்பது தடவை என்றாய். எனக்குப் பதினாறு ஆயிற்று. நான்காவது தடவையில் எந்தப் பாதி எந்தப் பாதி என்று குழம்பி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மறுபடி முதலிலிருந்து வந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன்னை, கம்ப்யூட்டரை, பேக்கரிக்காரரை, அடுப்பு கண்டுபிடித்தவனை. எதிர்வீட்டுக்காரர் வந்து "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குட்டிப் படம் இல்லாமல் வெறும் பெயர்கள் வரிசையாக நின்றன. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என்ன பெயர்கள் இவை? 'தண்ணீர்த் தொட்டி, விரிசல், இவர் விரல்.' 'மாடிப்படி, மூன்றாவது படி, இவர் விரல்.' பதினேழு படங்களின் பெயரில் 'இவர் விரல்' என்று எழுதி வைத்திருக்கிறாய்! 'சுவர் நன்றாக இருந்தது என்கிறார் வீட்டுக்காரர், சுவர் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒரு பெயர். இதையெல்லாம் நான் அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மேலாளர் ஏன் என்னைப் பார்த்தால் என் கையையே பார்க்கிறார் என்று இப்போது புரிகிறது. பதினைந்து வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறதா?

23ஆம் தேதி வரைதான் பெயர். பேக்கரிப் படங்களுக்குப் பெயரே இல்லை, கேமரா போட்ட வெறும் எண்கள். ஒன்றும் விளங்கவில்லை. எது அடுப்பு, எது சுவர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

கெட்ட படம் அந்தக் கூட்டத்தில் கடைசி. வேறொரு சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தேன். பின்சுவரின் மின்கம்பி இணைப்பேதான். மேல் பாதி தெளிவாக இருக்கிறது, கருகிய இணைப்பு நன்றாகத் தெரிகிறது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். பேக்கரிக்காரர் தப்பித்தார், மேல் பாதி போதும். அந்த ஒன்றை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றியதும் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கிறது.

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். நீயே கேட்டது. அது கம்ப்யூட்டரில் ஏறிய நேரம்: மே 25, நீ போன அன்றைக்கு, காலை 10.42. அதாவது படம் ஏறி முடிவதற்குள் கார்டு கழற்றப்பட்டிருக்கிறது. கழற்றியது யார்? நான்தான். மறுக்கவில்லை. ஏன் கழற்றினேன்? நீ ஆச்சு என்றாய், அதனால் கழற்றினேன். அறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நீ ஏதோ பேசிக்கொண்டே இருந்தாய். கடைசியில் 'ஆச்சு' என்பது தெளிவாகக் காதில் விழுந்தது. வந்தேன், சரி என்றேன், கழற்றினேன், போனேன். ஆமாம், சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்துவிட்டது.

ஆக, பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக நீ முடிவதற்கு முன்னாலேயே ஆச்சு என்று சொல்லியிருக்கிறாய். சேதத்துக்குக் காரணம் உன் தவறான தகவல். இதை வைத்துக்கொண்டு மேலாளருக்கு நான் என்னவென்று எழுதுவது, நீயே சொல்.

கணவன்


ஜூன் 22, திங்கள்

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. கீழே சலவைக்கடைக்காரம்மா என்னவோ ஏதோ என்று ஏறி வந்து பார்த்தார். இரண்டாவது தடவை வந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை பேனாவை எடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் நான் சொன்னது என்ன என்று முழுதாக எழுதுகிறேன். நான் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன், பிறகு இதையும் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது.

"எனக்கு ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு தடவை படிச்சுக் காட்டிட்டேன், நீங்க தலையைக்கூடத் தூக்கல. இந்த வீட்டுல நான் இருக்கேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? நான் பேசினா உங்களுக்குக் கேக்குதா? இருபத்திரண்டு வருஷம் பார்த்துட்டேன். இதுக்கு மேல என்னால முடியாது. நமக்குள்ள எல்லாம் ஆச்சு."

இதுதான். இதில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் கார்டைக் கழற்றியிருக்கிறீர்கள்.

கல்யாணம் முடிந்தது என்று சொன்னேன். படம் ஏறிவிட்டது என்று உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

நான் பையை வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தீர்கள். "சரி" என்றீர்கள். உள்ளே போனீர்கள். அந்தச் 'சரி'யை வாங்கிக்கொண்டுதான் நான் படியிறங்கினேன். இந்த நான்கு வாரமாக நான் கொதித்தது எதற்கென்று நினைக்கிறீர்கள்? மேலாளர் விஷயம் அப்புறம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தை ஒற்றைச் சொல்லில் 'சரி' என்று அனுப்பிவிட்டாரே, கல்நெஞ்சன் என்றுதான் கொதித்தேன். ஆனாலும் அதில் ஒரு ஆறுதல் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார் என்று இருந்தது.

இப்போது அதுவும் இல்லை. கேட்கவே இல்லை. 'சரி' கார்டுக்குச் சொன்னது.

தவறான தகவலாம். நான் சொன்னதில் தவறே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்னதிலேயே சரியான தகவல் அதுதான்.

மேலாளருக்கு என்னவென்று எழுதுவது என்று என்னையே கேட்கிறீர்கள். காரணம் கண்டுபிடிப்பது உங்கள் பிழைப்பு. உங்கள் முன்னால் நடந்ததற்குக் காரணம் எழுதத் தெரியவில்லை என்றால் அந்தத் தொழிலை விட்டுவிடுங்கள். 25ஆம் தேதி வியாழக்கிழமை. உங்கள் ஃபோல்டர் திறந்துவிட்டது, உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என்னுடையது உங்கள் கையில் இருக்கிறது. கொடுத்தால் கொடுங்கள், இல்லையென்றால் இனி எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட மனமில்லை.


ஜூன் 26, வெள்ளி

அன்புள்ள உனக்கு,

இதனுடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். மூலத்தை 24ஆம் தேதி விசாரணை முடிந்ததும் நேராகப் போய் மேலாளர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். ஒருவேளை நகல் பிரிந்துபோனால் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

'பொருள்: என் மனைவியைப் பற்றி நான் சொன்ன பொய்த் தகவல். சேதம்: ஒரு படத்தின் கீழ்ப்பாதி. சேதம் ஆன நேரம்: மே 25, காலை 10.42. காரணம்: படம் ஏறி முடிவதற்குள் நான் கார்டைக் கழற்றியது. பிறர் கை: இல்லை. என் மனைவி வேறு ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அதைக் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக உங்களுக்கு வந்த அறிக்கைகளை எழுதி, திருத்தி, படங்களுக்குப் பெயர் வைத்து, அடுக்கியவர் அவர். நான் போட்டது கையெழுத்து மட்டும். படங்களில் தெரிகிற விரலும் என்னுடையது.'

மேலாளர் கடைசி வரியில் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

பேக்கரிக்காரர் மேல் தப்பில்லை என்று தீர்ந்தது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சார் மட்டும் இல்லேன்னா" என்றார். நான் இல்லை, வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். வீட்டில் என்று சொல்லிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது.

நீ போன அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்து வாசலிலேயே "ஆச்சா?" என்று கத்தினேன். அறிக்கையைத்தான் கேட்டேன். பதில் இல்லை. குளிக்கிறாய் போல என்று அரை மணி நேரம் பேப்பர் படித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. உன் மேல் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. யார் மேல் என்று உனக்கே தெரியும், எழுத வைக்காதே.

பேக்கரிப் படங்களுக்கு நானே பெயர் போட்டுப் பார்க்கிறேன். 'சுவர் 1', 'சுவர் 2' என்றுதான் வருகிறது.

ஒரு தடவை கேட்காமல் கழற்றிவிட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னதா, இல்லை உண்மையாகவே சொன்னதா? நீ என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன். வந்துவிடு என்று எழுதத்தான் ஆசை. அதை எழுதாமல், கேட்க மட்டும் செய்கிறேன்.

ஆச்சா?

உன் கணவன்


ஜூலை 2, வியாழன்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று வேலையில் சேர்ந்தேன். பதிவறை நிலத்தடியில் இருக்கிறது. ஜன்னல் இல்லை, வரிசையாக இரும்பு அலமாரிகள். முதல் நாளே ஒரு அலமாரியின் கதவு திறக்கவில்லை. எல்லோரும் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஃபைல் குறுக்கே விழுந்து கதவைத் தடுத்துக்கொண்டிருந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தேன். என் மேசையில் என் பெயர் எழுதிய சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். மேலாளர் உங்கள் கடிதத்தை என் ஃபைலில் முதல் பக்கமாகச் சேர்த்துவிட்டார். அதைப் படித்தேன். நீங்கள் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான், ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

நன்றி. இதை நான் மனதார எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை உடனே படித்தேன், உடனே பதில் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அதற்கு அவசரமாகப் பதில் சொன்னால் பாவம். கோபத்தில் சொன்னேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அப்போது கோபம் இருந்தது, நிறைய. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அது போய்விட்டது. போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று இரண்டு நாள் பார்த்தேன். அங்கே திரும்பி வர எனக்கு மனம் இல்லை. அழுகையாக வந்தது, ஆனால் பதில் மாறவில்லை.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு விஷயம். இனிமேல் ஆள் இல்லாமல் நீங்களே கார்டைக் கழற்ற வேண்டியிருக்கும். திரையின் கீழ் மூலையில் சின்ன அடையாளம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் 'இப்போது பத்திரமாக எடுக்கலாம்' என்று வரும். அது வருவதற்கு முன்னால் எடுக்காதீர்கள். படங்களுக்குப் பெயர் வைக்கும்போது என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள், போதும். விரல் தெரிந்தால் விரல் என்று எழுதுங்கள். மகள் ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறேன் என்றாள். அவள் பேசும்போது பேப்பரை மடித்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் கீழே இருக்கிறது. இந்தத் தடவை எல்லாம் முழுதாக முடிந்த பிறகுதான் சொல்கிறேன்.

ஆச்சு. கழற்றலாம்.

இப்படிக்கு,
பதிவறை எழுத்தர்